தனிப்பயணியின் மூட்டை

ஐதராபாத்திலிருந்து மச்சிலிப்பட்டினம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 65 வழியே இந்தத் தூரத்தைத் தனியாக மிதிவண்டியில் கடக்கக் கிளம்புகிறவரின் மூட்டையில் இன்று பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, சிறிய ஸ்பானர் செட், விளக்கு, பவர் பேங்க், ஒரு மாற்றுத்துணி, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து, தண்ணீர் பாட்டில்கள். எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ தேறினால் அதிகம். பின்னால் கார் வராது, உதவிக்கு ஆள் வராது. யார் கையையும் எதிர்பாராமல் போய்வருவது என்று இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் பாதி நியாயமானது. மீதிப் பாதி சாலைக்குச் சேர வேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா அரசின் தலைநகரையும் அதன் முதன்மைத் துறைமுகத்தையும் இணைத்தது ஏறக்குறைய இதே தடம்தான். அன்று இதில் போனவர்களின் கூடவே ஒரு சிறு ஊரே நடந்தது. ஊர் குறைந்து ஆளாகி, ஆள் குறைந்து பையானதற்குப் பயணியின் கால்பலம் காரணமில்லை. அவர் சுமந்த ஒவ்வொரு பொருளையும் ஏதோ ஒரு காலத்தில் சாலை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பயணியின் மூட்டை என்பது சாலையில் கிடைக்காதவற்றின் பட்டியல். நெடும்பயணத் திட்டம் என்பது அந்தப் பட்டியலைச் சரியாக எழுதத் தெரிவது.

அந்தப் பட்டியலின் பழைய வடிவம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 1638-க்கும் 1668-க்கும் இடையில் பலமுறை இந்தியாவுக்கு வந்துபோன பிரெஞ்சு வைர வியாபாரி ஜான் பப்தீஸ்த் தவெர்னியே, கோல்கொண்டாவுக்கு வரும் வழிகளைக் கட்டம் கட்டமாக எழுதிவைத்தவர். 1676-இல் வெளியான அவருடைய நூலில் இந்தியாவில் எப்படிப் பயணம் செய்ய வேண்டும் என்றே ஒரு பகுதி உண்டு. மாட்டு வண்டி அமர்த்தினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 ரூபாய். சூரத்திலிருந்து கோல்கொண்டாவுக்கு முழுப் பயணமாகப் பேசினால் 40 முதல் 45 ரூபாய். பல்லக்கில் விரைந்து போக வேண்டுமானால் அதைச் சுமக்க 12 போகிகள். ஆளுக்கு மாதம் 4 ரூபாய். மதிப்போடு போக விரும்புகிறவர் வில்லும் துப்பாக்கியும் ஏந்திய 20, 30 காவலர்களை வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் ஏறக்குறைய அதே சம்பளம். உணவு விஷயத்தில் இன்னும் நுட்பமான எச்சரிக்கை தருகிறார். முஸ்லிம் அதிகாரி இருக்கும் ஊரில் ஆடு, கோழி கிடைக்கும். மற்ற ஊர்களில் மாவு, அரிசி, காய், பாலோடு சரி. வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்கள் கோட்டை ஊர்களுக்குள் தங்கிவிடக் கூடாது, பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். வேண்டியதை வாங்கிக்கொண்டு முன்னதாகவே வெளியே வந்து மரத்தடியில் கூடாரம் போட்டுக்கொள்வது உத்தமம். கூலி, காவல், உணவு, கதவு மூடும் நேரம் என்று அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் சாலையின் ஒரு குறையைச் சொல்லி, அதைப் பயணி எப்படி ஈடுகட்ட வேண்டும் என்று கணக்குப் போடுகிறது.

அந்தச் சாலை ஒன்றுமே தரவில்லை என்று இதற்குப் பொருளில்லை. 1591-இல் ஐதராபாத் எழும்புமுன்பே, 1578-இல் கோல்கொண்டா மன்னர் இப்ராகிம் குதுப் ஷா மூசி ஆற்றின்மேல் கட்டிய பாலம் இருந்தது. இன்றும் அது புரானாபுல். கோல்கொண்டாக் கோட்டைக்கும் அந்தப் பாலத்துக்கும் நடுவே கார்வான் பகுதி வளர்ந்தது. வியாபாரிகளும் தரகர்களும் வசித்த புறநகரின் சில மசூதிகள் வெளியூர்க்காரர்களுக்குத் தங்குமிடமாக உதவியதைத் தவெர்னியே குறித்திருக்கிறார். கோட்டைக்கு அருகில் ஷேக்பேட்டில் வழிப்போக்கர் தங்குவதற்கான குதுப் ஷாகி காலத்து இரண்டடுக்குச் சராய் இன்றும் நிற்கிறது. கிழக்கே மச்சிலிப்பட்டினச் சாலையில் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ள ஹயாத்நகர் இன்னும் முழுமையான சான்று. குதுப் ஷாகி அரச குடும்பத்து ஹயாத் பக்ஷி பேகத்தின் பெயர் தாங்கிய அங்குள்ள மசூதி, உயர்ந்த மேடைமீது ஐந்து வளைவுகளோடு விரிந்த முற்றத்தின் நடுவே நிற்கிறது. முற்றத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றறைகள் வரிசையாக, முகப்பு முழுவதும் உள்நோக்கி, முதுகு முழுவதும் வெளியே திரும்பியபடி. வாசல் கதவை மூடினால் முற்றமே ஒரு கோட்டை. பக்கத்தில் ஹாத்தி பாவ்லி: யானையைக் கட்டி நீர் இறைத்ததாகச் சொல்லப்படும் பெருங்கிணறு. இந்த அமைப்பைப் பார்த்தாலே சாலை எந்த மூன்றை ஏற்றுக்கொண்டது என்று தெரிந்துவிடும்: சுவர், கூரை, தண்ணீர்.

சராயில் இல்லாததையும் அதே கட்டடம் சொல்கிறது. சுவரும் கிணறும் அரசு தந்தது, சோறு தரவில்லை. அரிசி, பருப்பு, உப்பு, பாத்திரம், சமைக்கும் ஆள் எல்லாம் பயணியின் பாடு. தக்காணத்தில் தானியத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனவர்கள் பஞ்சாராக்கள், தெலங்கானாவில் லம்பாடிகள் என்று அழைக்கப்படுகிறவர்கள். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் பொதிமாடுகள் ஒரே கூட்டமாக வருவதைத் தவெர்னியே வியப்போடு எழுதுகிறார். குறுகலான வழியில் எதிர்ப்பட்டால் அவை கடந்துபோகும்வரை இரண்டு மூன்று நாள்கூட ஒதுங்கி நிற்க வேண்டுமாம். அதாவது, அந்தக் காலத்துச் சாலையில் உணவு ஓர் இடத்தில் நிலையாக இருக்கவில்லை. அதுவும் பயணியைப் போலவே நடந்துகொண்டிருந்தது. அவன் போய்ச் சேரும் ஊரில் அன்று உப்பு இருக்குமா என்பது லம்பாடிகளின் மாடுகள் வந்தனவா என்பதைப் பொறுத்தது. ஆறுகளிலும் இதே நிலை. மாட்டுத்தோல் போர்த்த பெரிய கூடைகளில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக் கடத்தியதை அவர் விவரிக்கிறார். நம் காவிரிப் பரிசலுக்கு உறவு. பரிசல்காரன் கரையில் இல்லையென்றால் அன்றைய திட்டம் அங்கேயே முடிந்தது. நிச்சயமில்லாத சாலையில் கூடுதல் சாமான் ஒன்றே காப்பு. அதனால்தான் பரிவாரம் பெருத்தது.

ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு தள்ளி, சென்னைக்காரர் ஒருவர் ஐதராபாத் வழியே போனார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, அகோபிலம், ஸ்ரீசைலம் பார்த்து ஐதராபாத் வந்து, அங்கிருந்து நாக்பூர், ஜபல்பூர், அலகாபாத் வழியாகக் காசி. பிறகு கயை, கல்கத்தா, பூரி என்று கிழக்குக் கரையோடு இறங்கி 1831 செப்டம்பர் 3 அன்று வீடு திரும்பினார். ஏறத்தாழ பதினைந்தரை மாதம். உடன் நூறுபேர் அளவில் ஒரு கூட்டம். வழியெல்லாம் அவர் தெலுங்கில் எழுதி அனுப்பிய கடிதங்களை நண்பர் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளை 1838-இல் ‘காசியாத்திர சரித்திர’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். வீராசாமி அதற்கு இரண்டாண்டு முன்பே மறைந்துவிட்டார். இந்திய மொழிகளில் வந்த தொடக்ககாலப் பயண நூல்களில் ஒன்றாக இலக்கிய வரலாறு அதைக் கொண்டாடுகிறது. திட்டமிடுகிறவர் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். எந்த ஊரில் கடை இருக்கிறது, எங்கே தங்க இடம் கிடைக்கும், எந்த ஆறு இறங்கக்கூடியது, பாதை கல்லா சேறா என்று பின்னால் வருகிறவருக்காக எழுதிவைத்த வழிக்குறிப்பு அது. அவர் ஐதராபாத்திலிருந்து வடக்கே போன தடம், வாரணாசியையும் கன்னியாகுமரியையும் 2,369 கிலோமீட்டரில் இணைத்த பழைய தேசிய நெடுஞ்சாலை 7-ஓடு பெருமளவு ஒத்துப்போகிறது. இன்று அதில் நாக்பூர் வரையான பகுதி நெடுஞ்சாலை 44-இன் அங்கம். நூறுபேரோடு அவர் போன வழியில் இப்போது ஒற்றை மிதிவண்டிக்காரர்கள் போகிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நூறுபேர் தேவைக்காகவா வந்தார்கள், அந்தஸ்துக்காக வந்தார்களா? தவெர்னியேவே மதிப்பு என்ற பேச்சை எடுத்துத்தான் காவலர் கணக்கைச் சொல்கிறார். வீராசாமியின் கூட்டத்திலும் உறவினர், பணியாளர், சமையல்காரர், போகி என்று பலரும் இருந்திருப்பார்கள். ஆசாரம் வழுவாமல் சமைத்துச் சாப்பிட வேண்டிய குடும்பத்துக்குத் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் தவிர்க்க முடியாதவை. மறுப்பில் நியாயம் உண்டு. பரிவாரத்தில் ஒரு பங்கு சாதியும் கௌரவமும் சேர்ந்து சுமத்தியது. ஆனால் அந்தப் பங்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் பெரிதாகவே நிற்கிறது. காவலுக்கு ஆள், கூடாரம் தூக்க ஆள், நாலைந்து நாளுக்கு அரிசி சுமக்க ஆள், அந்த ஆட்களுக்குச் சமைக்க இன்னொரு ஆள். சுமப்பவனும் சாப்பிட வேண்டும் என்பதால் பரிவாரம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் கணக்கு இது. சாலையோரம் சமைத்த சோறு விற்கும் கடை ஒன்று வந்துவிட்டால் குறைவது ஒரு சமையல்காரர் மட்டும் இல்லை. அவருக்கும் அவர் பாத்திரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் வேண்டியிருந்த நாலைந்து தோள்களும் சேர்ந்து குறையும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பணக்காரர் கதை கிடக்கட்டும். சாதுக்களும் பக்கிரிகளும் ஏழை யாத்திரிகர்களும் ஒரு கமண்டலமும் கந்தலுமாக ராமேசுவரத்திலிருந்து காசிவரை நடந்தார்களே, சாலை எதுவும் தராத காலத்திலேயே தனிப்பயணம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அவர்கள் வெறும் கையோடு நடந்ததே, வழியில் இன்னொரு கை நீண்டதால்தான். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் சாலைகளையும் சத்திரங்களையும் தென்னாடு இன்னும் மறக்கவில்லை. தஞ்சையின் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், தம் முன்னோர் நடத்திய சத்திரங்களைக் காக்க மன்றாடுகிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் உணவு, நோயுற்றவருக்கு வைத்தியம், வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடன் என்று அவர் அடுக்கும் பணிகளைப் பார்த்தால், ஒரு யாத்திரிகன் சுமக்க வேண்டிய மூட்டை எத்தனை சத்திரங்களில் பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்று புரியும். நம் கிராமச் சாலைகளில் தலைச்சுமையை இறக்கிவைக்க நட்ட சுமைதாங்கிக் கல்லும், கோடையில் போட்ட தண்ணீர்ப் பந்தலும் அதே ஏற்பாட்டின் சிறு உறுப்புகள். ஏழை யாத்திரிகன் என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி போலத் தோன்றினாலும், கடைசியில் அதன் முதல் சாட்சியாகிவிடுகிறான். தர்மம் செழித்த வழிகளில் அவனால் தனியே நடக்க முடிந்தது. அது வற்றிய வழிகளில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான்.

கூட்டத்தோடு சேர்வதற்குச் சோறு மட்டும் காரணமில்லை; உயிரும்தான். 1824-இல் ஐதராபாத் நிஜாம் அரசின் பணியில் சேர்ந்த பிலிப் மெடோஸ் டெய்லர், 1839-இல் எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ தக்’ நாவலால் தக்கர்களை உலகறியச் செய்தார். வழிப்போக்கரோடு நட்பாகச் சேர்ந்து நடந்து, தக்க இடத்தில் கைக்குட்டையால் கழுத்தை நெரிப்பவர்கள் என்று பேசப்பட்டவர்கள் தக்கர்கள். அவர்களைப் பற்றிய காலனியப் பதிவுகளில் மிகை அதிகம் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அந்த எச்சரிக்கையை ஏற்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்தக் கதைகள் நம்பத்தகுந்தவையாக இருந்ததற்கு ஓர் அடிப்படை உண்டு. தனியாகப் போகிறவன் துணை தேடுவான், தேடியே ஆக வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. துணையைத் தேடுவதே ஆபத்தாகும் அளவுக்குப் பாதுகாப்பற்ற சாலையில் தனிப்பயணம் என்ற எண்ணமே எழாது. தவெர்னியேவின் 20, 30 துப்பாக்கிக்காரர்கள் செய்த வேலையைப் பின்னாளில் காவல் நிலையமும் சட்டமும் ஏற்றுக்கொண்டன. காவலுக்கான செலவு பயணியின் பையிலிருந்து அரசின் வரவுசெலவுக்கு மாறியது. இன்று ஒரு பெண் தனியே மிதிவண்டிப் பயணம் திட்டமிடும்போது தூரத்தைவிட முதலில் இரவுத் தங்கலைக் கணக்கிடுகிறார் என்றால், அந்த மாற்றம் எல்லோருக்கும் சமமாக வந்து சேரவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

1874-இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு நிஜாமின் ரயில் வந்தது. 1889-க்குள் பாதை பெசவாடாவை (இன்றைய விஜயவாடா) தொட்டது; 1900-இல் கோதாவரிப் பள்ளத்தாக்கு வழியே மன்மாடு வரை போனது. இதைப் பயண வசதியின் வெற்றிக்கதையாகவே நாம் படித்திருக்கிறோம். சாலையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு கதை தெரியும். அதுவரை சாலையோரம் பரவிக்கிடந்த ஏற்பாடுகளை ரயில் தன் நிலையங்களுக்கு இழுத்துக்கொண்டது. உணவும் குடிநீரும் தபாலும் தந்தியும் தங்குமிடமும் ஸ்டேஷனைச் சுற்றிச் சேர்ந்தன. குதுப் ஷாகி காலத்தில் ஹயாத்நகர்ச் சாலையில் எழுந்த சராய்க்கும், 1919-இல் நாம்பள்ளி ரயில் நிலையத்துக்கு எதிரே கட்டப்பட்ட சராய்க்கும் உள்ள வேறுபாட்டில் இந்த இடமாற்றம் முழுவதும் அடங்கிவிடுகிறது. சத்திரம் கட்டும் தர்ம குணம் குறையவில்லை. பயணி எங்கே இருக்கிறாரோ அங்கே போய்விட்டது. சாலையில் மிச்சமிருந்தது வண்டிக்காரரும் நடப்பவரும். சரியாக அந்த வெறுமையான காலத்தில்தான் மிதிவண்டி இந்தியாவுக்குள் நுழைகிறது.

அமெரிக்கரான ஃபேனி புல்லக் வர்க்மனும் அவர் கணவர் வில்லியம் ஹன்டர் வர்க்மனும் 1890-களின் கடைசி ஆண்டுகளில் இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் நோக்கி மிதிவண்டியில் போனார்கள். 1904-இல் அவர்கள் வெளியிட்ட ‘த்ரூ டவுன் அண்ட் ஜங்கிள்’ நூலின் தலைப்புப் பக்கமே 14,000 மைல் என்கிறது. அவர்களுடைய மூட்டையைப் பாருங்கள்: தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, கம்பளி, எழுதுபொருள், மருந்துப்பெட்டி, ரிப்பேர் சாமான். உணவு நிச்சயம் என்பதால் கூடியவரை ரயில் பாதையை ஒட்டியே போனார்கள். பல இரவுகள் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் கழிந்தன. ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்ட நேர்ந்ததும் உண்டு. மிதிவண்டி என்ற எளிய இயந்திரம் வந்ததால்தான் பரிவாரம் மறைந்தது என்று சொல்பவர்களுக்கு இந்த இணையரே பதில். இன்றைய மிதிவண்டியின் அடிப்படை அமைப்பு அன்றே வந்துவிட்டது: காற்றடைத்த டயர், சங்கிலி, வைர வடிவச் சட்டம். இயந்திரம் தயாராக இருந்தும் அவர்களால் தண்டவாளத்தை விட்டு விலக முடியவில்லை, ஏனென்றால் சாலை தயாராக இல்லை. இன்னும் சொல்லப்போனால் இயந்திரம் தேவைகளைக் கூட்டியது. மாடு முள்ளை மிதித்து நடக்கும்; டயர் நடக்காது. பரிசலில் மூட்டை போகும், ஆனால் நனைந்த சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும். கால்நடைக்குப் போதுமாயிருந்த சாலை, மிதிவண்டிக்குப் போதவில்லை.

இதற்கு மேல் ஐதராபாத் சமஸ்தானத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருந்தது. நிஜாமின் நாணயமான ஹாலி சிக்கா வேறு, பிரிட்டிஷ் இந்திய ரூபாயான கல்தார் வேறு. 6 கல்தார் கொடுத்தால் ஏறத்தாழ 7 ஹாலி. தபால்தலை தனி. 1802-ஆம் ஆண்டு வணிக ஒப்பந்தத்திலிருந்து தொடர்ந்த 5 சதவீதச் சுங்கம் எல்லையில் காத்திருந்தது. பம்பாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர் கையில் பணம் இருந்தும் அது செல்லுபடியாக ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. 1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகும் ஹாலி சிக்கா உடனே மறையவில்லை; 1950-களின் கடைசிவரை புழங்கியது. இப்போது தேநீர்க் கடையில் கியூஆர் அட்டையைக் காட்டி எட்டு ரூபாயோ பத்து ரூபாயோ செலுத்தும் பயணி, தான் தூக்கிவராத ஒரு பணமூட்டையின் எடையை நினைத்துப் பார்ப்பதில்லை. ஹுண்டி (பண மாற்றுச் சீட்டு) எழுதித் தரும் சாகுகார், பணத்துக்குக் காவல், நாணயம் மாற்றும் தரகர் என்று முன்பு மூன்று ஆட்கள் செய்த வேலை அது.

சாலைக்குப் பழைய உயிர் திரும்பியது பேருந்தால். 1932-இல் நிஜாம் அரசு ரயில்வேயே சாலைப் போக்குவரத்துப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது: 27 பேருந்து, 166 ஊழியர். அரசே நடத்தும் பேருந்துச் சேவையாக நாட்டில் முன்னோடி அது. பேருந்து தண்டவாளத்தைப் போல இல்லை. கைகாட்டும் இடத்தில் நிற்கும். நின்ற இடத்தில் தேநீர்க் கடை வரும். டீசல் வேண்டும் என்பதால் பெட்ரோல் பங்க் வரும். டயர் உள்ளவரை டயர்க் கடை வரும். விஜயவாடாச் சாலையில் சௌட்டுப்பல், நார்க்கெட்பள்ளி, சூர்யாபேட்டை, கோதாட என்று ஏறத்தாழ 40, 50 கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இன்று பயணிக்குக் கை கொடுக்கிறது. அங்கே ஒரு பஞ்சர் கடையில் நடக்கும் வேலையைக் கவனித்தால் வர்க்மன் இணையரின் 40 பஞ்சர் எங்கே போயிற்று என்பது விளங்கும். கடைக்காரர் இரும்புப் பட்டையால் டயரின் விளிம்பை நெம்பி டியூபை உருவுகிறார். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மின் அழுக்குத் தண்ணீரில் அதை அமுக்கித் திருப்புகிறார். குமிழி கிளம்பும் இடத்தைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்துத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுப்போடுகிறார். பிறகு டயரின் உட்புறத்தை விரலால் முழுச் சுற்றும் தடவி, குத்தி நின்ற கருவேல முள்ளைக் குறடால் பிடுங்கிக் கையில் கொடுக்கிறார். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் லாரிக்காரரும் பால்காரரும். நெடும்பயண மிதிவண்டிக்காரருக்காக அந்தக் கடை திறக்கப்படவில்லை. லம்பாடி மாடுகளும் தவெர்னியேவுக்காக வரவில்லை. யாருக்கோ செய்துவைத்த ஏற்பாட்டில்தான் தனிப்பயணி எப்போதும் தொற்றிக்கொண்டு போகிறார்.

எல்லாம் சாலையின் கொடை என்றால் பயணிக்கு என்ன பெருமை மிச்சம் என்று கேட்பார்கள். பம்பாயிலிருந்து 1923 அக்டோபர் 15 அன்று கிளம்பிய பார்சி இளைஞர்களை அவர்கள் சுட்டுவார்கள். ஆறு பேர் தொடங்கி, அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ரஸ்தம் பூம்காரா மூவர் மட்டும் 1928 மார்ச் 18 அன்று ஊர் திரும்பினார்கள். சுற்றியது ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். பாரசீகம், மெசபொடேமியா என்று சாலையே இல்லாத பாலைகளையும் கடந்தவர்கள் அவர்கள். அந்தத் துணிச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கதை என் வாதத்தின் மறுபக்கம். சாலை ஒன்றும் தராத நிலத்தில் மூவர் சேர்ந்து சுமந்தார்கள், ஒருவரையொருவர் காத்தார்கள், நாலரை ஆண்டு பிடித்தது. சாலை அதிகம் தரும் நிலத்தில் மச்சிலிப்பட்டினத் தடத்தை ஒருவரே நாலைந்து நாளில் முடித்துவிடுகிறார். இரண்டிலும் திறமை தேவை. திறமையின் இடம்தான் வேறு. முன்னதில் அது தோளிலும் நெஞ்சிலும் இருந்தது. பின்னதில் கணக்கில் இருக்கிறது: எந்த ஊரில் எது கிடைக்கும், எவ்வளவு தூரம் எதுவும் கிடைக்காது.

இந்தக் கணக்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விளையாட்டு ஒன்றுண்டு. பிரான்சில் பிறந்து இப்போது ஐதராபாத்திலும் வேரூன்றிய ராண்டனரிங் என்ற நெடுந்தூர மிதிவண்டி ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். வழியில் தனிப்பட்ட உதவி வாங்கக் கூடாது. கட்டுப்பாட்டு மையங்களில் மட்டும் அனுமதி. ஆனால் தாபாவில் சாப்பிடலாம், கடையில் டியூப் வாங்கலாம், லாட்ஜில் உறங்கலாம், எல்லோருக்கும் கிடைக்கும் எதையும் பயன்படுத்தலாம். பொதுவில் உள்ளது சாலையின் பங்கு. தனக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்துகொள்வதே பரிவாரம். இந்தக் கோட்டைவிடத் தெளிவாகத் தனிப்பயணத்துக்கு எல்லை வகுக்க முடியாது. இந்த அளவுகோலில் பார்த்தால் வீராசாமியின் நூறுபேரும், காரில் பின்தொடரும் இன்றைய நண்பரும் ஒரே வகை.

ஆகவே திட்டமிடுதல் என்பது பொதுவில் எது இல்லை என்று கண்டுபிடிப்பது. ஐதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் போகிறவருக்கு 200 கிலோமீட்டர்ச் சொச்சம் கால்களுக்குப் பெரிய சோதனை ஆகாமல் போகலாம். நல்லமலைக் காட்டுக்குள் அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் வழியாகச் செல்லும் பகுதியை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவதே அவருக்கு உண்மையான கணக்கு. மன்னனூர்ச் சோதனைச் சாவடியை எத்தனை மணிக்குத் தொடுகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும். பொழுது சாய்ந்ததும் மூடிய தவெர்னியே காலத்துக் கோட்டைக் கதவு, இப்போது புலிக்காக மூடுகிறது. வடக்கே நிர்மல், ஆதிலாபாத் பக்கம் காடும் கரிசலும். மழைக்காலத்தில் கரிசல் மண் கிளைச்சாலையில் டயரோடு அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. ஏப்ரல், மே மாதங்களில் தெலங்கானா வெயில் 40 பாகைக்கு மேல் சாதாரணமாகப் போகும். அப்போது தண்ணீர் மூன்று பாட்டில் என்பது ஆறு ஆகும், அல்லது தவெர்னியே சொன்னபடி இரவுப்பயணம் ஆகும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை போகிறவருக்கு அந்தச் சுமையே இல்லை. ஆக, பருவமும் சாலையின் ஏற்பாடுகளில் ஒன்று. நாள் பார்ப்பதும் மூட்டையைக் குறைக்கும் வழி.

இந்த வரலாறு ஒரே திசையில் முன்னேறிக்கொண்டே போகும் என்று நம்புவது தவறு. ரயில் ஒருமுறை சாலையை வறளச் செய்தது; அணுகலைக் கட்டுப்படுத்திய விரைவுச்சாலை இன்னொருமுறை அதைச் செய்யக்கூடும். வேலி போட்ட சாலையில் பஞ்சர் கடைக்காரருக்கு இடமில்லை, தேநீர்க் கடைக்கு இடமில்லை. 50 கிலோமீட்டருக்கு ஒரு பெரிய ஓய்வு மையம் கார் வைத்திருப்பவருக்குப் போதும். மிதிவண்டிக்காரருக்கு அது மூன்று, நான்கு மணி நேர இடைவெளி. 2023 அக்டோபரில் ஐதராபாத் வெளிவட்டச் சாலையோரம் சூரியத் தகடுகளைக் கூரையாக்கி 23 கிலோமீட்டருக்கு மிதிவண்டிப் பாதை திறந்தார்கள். நிழலும் விளக்கும் உள்ள நல்ல பாதை. நகரவாசியின் உடற்பயிற்சிக்கு உதவும். ஆனால் நெடும்பயணிக்கு வேண்டியது நகரத்தைச் சுற்றி வரும் கூரையைவிட எளியது, பழையது, செலவு குறைந்தது: ஒவ்வொரு 20, 25 கிலோமீட்டரிலும் ஒரு குடிநீர்க் குழாய், பூட்டக்கூடிய ஒரு கழிப்பறை, இரவில் பாதுகாப்பாகப் படுக்க ஒரு திண்ணை, வேலிக்கு உள்ளேயே ஒரு பஞ்சர் கடைக்கு இடம். ஹயாத்நகரில் சுவரும் கிணறும் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தனியாகப் போய்வந்ததாக மார்தட்டும் மிதிவண்டிக்காரர்கள் அந்தப் பெருமையின் பாதியைச் சாலைக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியோடு நெடுஞ்சாலைத் துறையிடம் போய் இந்த நான்கையும் உரிமையாகக் கேட்டால், அடுத்து வருகிறவரின் மூட்டை இன்னும் ஒரு கிலோவாவது குறையும்.